தலைமாடு தெரியாத சேறு

கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது என்று கிளெமென்ற் சொன்னான். காலைத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தபோது விட்ட கம்பி. தேத்தண்ணி ஆறிப்போயிற்று. வெயில் ஏறிற்று. கப்பல் அசையவில்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது, கம்பி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. இந்தக் கடலுக்கு அடியென்று ஒன்று இல்லை என்று அவன் நினைக்கத் தொடங்கியபோது கம்பி சட்டென்று தளர்ந்தது.

"அது ஒரு பெருமூச்சு விட்டது, மேபல். ஆரோ கீழ இருந்து விட்ட மாதிரி."

மேபல் அவன் மனைவி. கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. கிளெமென்ற் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவன், எங்கள் தொழிற்சங்கத்து ஆள். கூட்டத்துக்கு வந்தால் கடைசி வாங்கில் இருந்து நித்திரை கொள்வான். வேலைநிறுத்தம் என்றால் முதல் ஆளாக வாசலில் நிற்பான். வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலொன்று கொழும்புக்கு வந்து, கம்பி இயக்க ஆள் கேட்டபோது அவன் போனான். இலங்கைக்குத் தெற்கே, கரையே தெரியாத இடத்தில், கடலின் அடியில் குழாய் குத்திச் சேறு எடுப்பது வேலை.

அவன் கடைசியாக இழுத்த குழாய் வெள்ளைப் பிளாஸ்ரிக். ஒரு கை நீளம். இரண்டு முனையிலும் ஒரேமாதிரிக் கறுப்பு மூடி. வெள்ளைக்காரர் ஒட்டிய கடதாசி ஈரத்தில் கழன்று விழுந்துவிட்டது. கிளெமென்ற் கறுப்பு மை எடுத்து ஒரு முனையில் 'மேல்' என்றும் மறுமுனையில் 'கீழ்' என்றும் எழுதினான். கப்பலில் போயிருந்த டொக்டர் இராசரத்தினம், தமிழில் ஏன் எழுதினாய் என்று கேட்டாராம்.

"அவசரத்தில கை எழுதினது அதுதான் சேர்" என்றானாம்.

டொக்டர் இராசரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கையொன்றின் முடிவில் சின்ன ஆய்வுகூடம் நடத்தினார். கரையோர ரயில் போகும்போதெல்லாம் அங்கே அலுமாரியில் இருக்கும் கண்ணாடிச் சாமான் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். அந்தக் குழாயைப் பெட்டிபோன்ற குளிர் அறைக்குள் வைத்தார். வெட்டிப் பார்க்கப் பணம் வரும் என்று சொன்னார்கள். வரவில்லை. யுத்தத்துக்குப் பணம் இருந்தது, சேற்றுக்கு இருக்கவில்லை.

அடுத்த வருடம் கொட்டாஞ்சேனையில் இராணுவச் சுற்றிவளைப்பு. ஆண்களை எல்லாம் றோட்டில் இருத்தினார்கள். சிலரை லொறியில் ஏற்றினார்கள். கிளெமென்ற் காலில் செருப்பில்லாமல் ஏறினான். அதற்குப் பிறகு செய்தி இல்லை. சங்கம் ஏறாத வாசல் இல்லை. அறிக்கை அடித்தோம், மனுக் கொடுத்தோம், ஊர்வலம் கேட்டோம். எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. இதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. இருந்த வார்த்தையெல்லாம் அறிக்கைகளில் போய்விட்டது.

இராசரத்தினம் ஒருநாள் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். வாசலில் நின்றபடியே, ஆய்வுகூடத்தில் கண்ணாடி கழுவ ஆள் வேண்டும், வாரும் என்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மேபல் போனாள். கழுவினாள். பிறகு சேறு உலர்த்தினாள், அரைத்தாள், பீங்கான் கிண்ணங்களில் போட்டு உலையில் வைத்தாள். அந்த வேலையில் அவளுக்குப் பிடித்தது சேற்றின் கதைதான்.

அந்தக் கதை இப்படி. கடலின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் பிறந்து சாகின்றன. செத்தது மெல்ல மெல்லக் கீழே விழுகிறது. இருட்டுக்குள், குளிருக்குள், காற்றில்லாத இடத்தில் தூசி விழுவதுபோல விழுகிறது. வழியிலேயே மீன் தின்னும், இறால் தின்னும். தப்பி அடிக்கு வருவது கொஞ்சம். அதைப் புழு தின்னும், புழு விட்டதைக் கிருமி தின்னும். அதற்கு மேல் புதுச் சேறு விழுந்து மூடும். அதற்கு மேல் இன்னும் விழும். ஒரு விரல்கடை சேறு சேர ஆயிரம் வருடம் போகும். மூடியும் தின்கிறது நிற்பதில்லை. இனிப்பான பகுதி முதலில் போகும், கொழுப்பான பகுதி பிறகு போகும். ஆழம் போகப் போகத் தின்ன முடியாதது மட்டும் மிஞ்சும். குறைந்துகொண்டே போகும், ஆனால் எவ்வளவு ஆழத்திலும் அடியோடு இல்லாமல் போவதில்லை.

"ஏன் சேர் அந்தக் கடைசிக் கொஞ்சத்தை ஒண்டும் தின்னேல்லை?" என்று மேபல் கேட்டாள்.

"சிலது தின்னக் கடினம். சிலது களிமண்ணுக்குள்ள ஒளிச்சுக்கொண்டு கிடக்கு, வாய் போய்ச் சேராது. மிச்சம் எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சால் நான் ஏன் வெள்ளவத்தையில இருக்கிறன்?"

மேபலுக்குப் பகலில் கண் திறந்தபடியே கனவு வரும். கிண்ணம் கழுவிக்கொண்டு நிற்பாள், தண்ணீர் ஓடும், அவள் கீழே போய்க்கொண்டிருப்பாள். சுற்றிலும் வெள்ளையாகத் தூசி விழும். பயமில்லை. கம்பியைப் பிடித்தபடி இறங்குவாள். ரயில் வந்து அலுமாரியை உலுக்கும்போதுதான் மேலே வருவாள். கிளெமென்றின் தங்கை றோஸி இதற்காகவே, கடலாழம் அளக்கும் பாகக் கணக்கில், அவளைக் கேலி செய்வாள்.

"அண்ணி, சோறு கருகுது. இப்ப எத்தினை பாகம் ஆழத்தில நிக்கிறீங்கள்?"

முதல் வருடங்களில் கிளெமென்ற் முழுசாக இருந்தான். பாட்டு, சண்டை, பெருநாளுக்கு வாங்கிய சட்டை, எல்லாம். பிறகு குரல் போயிற்று. முகம் படத்தைப் பார்த்தால்தான் வந்தது. ஆனால் அவன் தோடம்பழம் உரிக்கிற விதம் போகவில்லை. தோல் அறாமல் ஒரே நாடாவாக உரித்து, அதைத் திரும்பவும் சுற்றிப் பழம்போல மேசையில் வைப்பான். ஆளை ஏமாற்ற. அது போகவே இல்லை.

போகாத இன்னொன்று அந்தக் குழாயில் இருந்த எழுத்து. குளிர் அறைக்குள் போகும்போதெல்லாம் பார்ப்பாள். 'மேல்' என்பதில் அவன் போட்ட கொம்பு ஒரு கொக்கிபோல இருக்கும்.

தொண்ணூற்றாறில் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின, கொழும்பில் கரண்ட் நாளில் பாதிக்குமேல் இல்லை. குளிர் அறை வியர்க்கத் தொடங்கியது. சேறு சூடானால் உள்ளே நித்திரையில் கிடக்கும் கிருமிகள் எழும்பி மிச்சத்தையும் தின்றுவிடும். முகத்துவாரத்தில் ஐஸ் ஆலை வைத்திருந்த ஹாஷிமிடம் கரண்ட் எடுக்கச் சொந்த இயந்திரம் இருந்தது. டொக்டர் போய்க் கேட்டார்.

"மீன் தெரியும், இறால் தெரியும். சேத்துக்கு ஐஸ் கேட்டு வந்த மொதல் ஆள் நீங்கதான் டொக்டர்" என்று ஹாஷிம் சிரித்தார். "சரி, ஒரு மூல தாறேன். சின்ன மூலதான். நாறினா தூக்கி வெளிய வெப்பேன்."

கொண்டுபோவது மேபலும் வேன் ஓட்டும் சிறிலும். சிறில் சிங்களப் பொடியன், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவான், மேபலை அக்கே என்பான், அவள் அவனைச் சிங்களத்தில் மல்லி, தம்பி என்று கூப்பிடுவாள்.

இந்த இடத்தில் கொழும்புத் தமிழர் அல்லாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த வருடம் தை மாதம் கோட்டையில் குண்டு வெடித்தபிறகு, வெளியே போகிற தமிழர் எவரும் முதலில் தம் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். தமிழ்க் கடதாசி இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். மருந்துப் போத்தலில் தமிழில் 'காலை, இரவு' என்று எழுதியிருந்தால் சுரண்டிவிடுவார்கள். மேபல் தன் செபப் புத்தகத்துக்கு ஆங்கிலப் பத்திரிகையில் உறை போட்டிருந்தாள். சோதனைச் சாவடியில் தமிழ் எழுத்து என்றால் பத்துக் கேள்வி. ஆகவே அழிப்பது பழக்கம். பல் தீட்டுவதுபோல. யோசித்துச் செய்வதில்லை.

அன்று காலை மேபல் குழாய்களைப் பெட்டியில் அடுக்கினாள். மற்றவற்றில் எல்லாம் ஆங்கிலம். இதில் மட்டும் தமிழ். மேசையில் ஸ்பிரிட் போத்தல் இருந்தது, பஞ்சு இருந்தது. றோஸிக்கு மருந்து வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அந்த இரண்டு சொல்லையும் துடைத்தாள். சுத்தமாகத் துடைத்தாள். 'மேல்' இருந்த முனை இடப்பக்கம் வர வைத்தாள் என்பது மட்டும் கைக்கு ஞாபகம்.

மருதானையில் ஆமி மறித்தது. குழாய்களைக் கண்டதும் மூன்று பேர் வேனைச் சுற்றி நின்றார்கள்.

"மேக்க மொகக்த?" என்றான் ஒருவன். இது என்ன?

"மட, மாத்தயா" என்றான் சிறில். "முஹுதே மட." சேறு ஐயா, கடல் சேறு.

ஒருவரும் நம்பவில்லை. எல்லாவற்றையும் இறக்கி றோட்டில் அடுக்கினார்கள். எழுத்தில்லாத குழாயில்தான் அவர்களுக்குச் சந்தேகம் கூட வந்தது. ஒருவன் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தான். மற்றவன் மூடி கழற்றி மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். அதைச் சுழற்றி அடுத்தவனிடம் கொடுத்தான். அவன் மறுமுனையை மணந்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கடலுக்கடியில் இருந்து சேறு அள்ளுகிற விசர்க் கூட்டமும் நாட்டில் இருக்கிறது என்ற சிரிப்பு. போகச் சொன்னார்கள்.

முகத்துவாரத்தில், ஐஸ் புகைக்குள், குழாயைத் தூக்கி நிறுத்தப்போனபோது மேபலின் கை நின்றது.

"என்ன அக்கே?"

"மல்லி, எது மேல்?"

சிறில் இரண்டு முனையையும் பார்த்தான். இரண்டும் கறுப்பு மூடி. "நீங்கதானே அழிச்சது" என்றான்.

பிற்பகல் டொக்டர் வந்தார். கதையைக் கேட்டார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அதுதான் கஷ்டம்.

"நீர் என்ன செய்தனீர் எண்டு விளங்குதா மேபல்? முப்பதாயிரம் வருசத்துச் சேறு. எது இண்டைக்கு, எது அண்டைக்கு எண்டு தெரியாட்டில் அது பூச்சாடிக்குப் போடத்தான் சரி."

"மூடியத் திறந்து பாத்தால் நிறம் தெரியாதா சேர்?"

திறந்தார்கள். மூடி இடுக்கால் வருடக்கணக்காகக் காற்றுப் புகுந்து இரண்டு முனையும் ஒரேமாதிரிக் கபில நிறத்தில் இருந்தன.

"ஹாஷிம் தந்த மூலைக்கு எல்லாம் கொள்ளாது" என்றார் டொக்டர். "ஏதோ ரெண்டை எறியத்தான் வேணும். தலைமாடு கால்மாடு தெரியாத குழாயை வச்சுக்கொண்டு நல்லதை எறிய ஏலாது."

மேபல் அழவில்லை. குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "இது அவர் இழுத்தது சேர்" என்றாள். "நான்தான் அவற்ற எழுத்தை அழிச்சனான்."

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐஸ் புகையில் திரும்பவும் மூடிற்று. திரும்பவும் துடைத்தார்.

"எரிச்சுப் பாக்கலாம்" என்றார் கடைசியில். "மேல் பக்கத்தில சேதனப் பொருள் கூட இருக்கவேணும், கீழ் பக்கத்தில குறைய. ரெண்டு முனையிலும் கொஞ்சம் எடுத்து உலையில வச்சால் கூட எரியிறது மேல். ஆனால் ஆழ்கடல் சேத்தில மொத்தமே சொற்பம். வித்தியாசம் தெரியாமலும் போகும். எடுத்த சேறு திரும்ப வராது. தெரியாட்டில் எறியிறதுதான். சம்மதமோ?"

"ஓம் சேர்."

மெல்லிய குழாயொன்றை முனையில் காற்றுப்பட்ட பகுதிக்கு அப்பால் செலுத்தி, இரண்டு பக்கத்திலும் விரல் நுனியளவு எடுத்தார்கள். உலர்த்தி, நிறுத்து, வெள்ளவத்தையில் உலையில் வைத்தார்கள். உலையின் சூடு ஓரளவில் நிற்கவேண்டும். கூடினால் சேற்றில் இருக்கும் நுண்ணிய சிப்பிகளும் வெந்து சுண்ணாம்பாகிவிடும், அப்போது எடை குறைந்தது எதனால் என்று சொல்ல முடியாது. பாதியில் கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது வெறிகொண்டு வந்தது. உலை எகிறிற்று. திறந்தால் இரண்டு கிண்ணமும் ஒரேமாதிரி வெளுத்துக் கிடந்தன. தராசில் இரண்டும் ஒரேயளவு இழந்திருந்தன.

"சிப்பியும் போச்சு" என்றார் டொக்டர். "இதில ஒண்டும் சொல்ல ஏலாது."

"இன்னொருக்கா எடுங்கோ சேர்."

"இன்னும் குறையும், மேபல். அவன் கொண்டுவந்ததிலதான் குறையும்."

"குறைஞ்சாலும் பரவாயில்லை. எறியாமல் கிடந்தால் காணும்."

இரண்டாம் முறை அவள் உலைக்கு முன்னாலேயே முக்காலி போட்டு இருந்தாள். சூடு காட்டும் முள் ஏறினால் சுவிச்சை அணைப்பாள், இறங்கினால் போடுவாள். வெளியே வெயில், கடல், ரயில். அவள் முகத்தில் உலையின் சூடு. சிறில் வாசலில் நின்று கரண்ட் போய்விடக்கூடாது என்று புத்தரிடமும், அந்தோனியாரிடமும், முன்யோசனையாகப் பிள்ளையாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மூண்டு பேரையும் கூப்பிட்டால் ஆர் வாறது எண்டு அவைக்குள்ள சண்டை வரும்" என்றார் டொக்டர்.

பாதிச் சூட்டில் ஒரு மணம் வந்தது. மயிர் கருகுகிறதுபோல, மிக மெல்லியதாக. மேபல் முகர்ந்து பார்த்தாள். யேசு பிறப்பதற்கும் வெகு முன்னால் வெயிலில் மிதந்த ஒன்று இப்போதுதான் வெள்ளவத்தையில் எரிகிறது. அவள் இடுக்கியால் கதவைக் கொஞ்சம் திறந்தாள். ஒரு கிண்ணம் வறுத்த கோப்பிபோலக் கறுத்திருந்தது. மற்றது சாம்பல் நிறத்தில், பென்சிலால் தடவியதுபோல மட்டும் இருளேறி இருந்தது. ஆனால் அதுவும் இருண்டுதான் இருந்தது.

"சேர்!"

டொக்டர் குனிந்து பார்த்தார். "நிறத்தை நம்பாதையும். எரிஞ்சு முடியட்டும், ஆறட்டும், நிறுப்பம்" என்றார். ஆனால் தராசுக்குப் போகும்போது அவருடைய நடை மாறியிருந்தது.

எரிந்து முடிந்து ஆறியது. நிறுத்தார். திரும்பவும் நிறுத்தார். முன்பு கறுத்திருந்த கிண்ணம் மற்றதைவிட இரண்டு மடங்கு இழந்திருந்தது. அந்தக் கிண்ணம் வந்த முனையில் மேபல் நூல் கட்டியிருந்தாள். அதுதான் மேல்.

முகத்துவாரத்துக்குத் திரும்பிப் போனதும், "எழுதும்" என்று மைப்பேனையை நீட்டினார் டொக்டர். "ஆங்கிலத்தில எழுதும்."

மேபல் ஆங்கிலத்தில் எழுதினாள். அதற்குக் கீழே தமிழிலும் எழுதினாள். அவனுடைய கொக்கிக் கொம்பைப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. அவளுடைய கையெழுத்தாகத்தான் வந்தது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுமுனையில் 'கீழ்' என்று எழுதினாள்.

குழாய் ஐஸ் ஆலையில் கிடந்தது. மழை வந்தது, நீர்த்தேக்கங்கள் நிறைந்தன, கரண்ட் நிலைத்தது. "மீன விட ஒங்கட சேறு நல்லம்மா, நாறவே இல்ல" என்று ஹாஷிம் வழியனுப்பினார்.

திரும்பி வரும்போது சிறில் வேனை எடுக்காமல் நின்றான்.

"அக்கே, அந்தத் தமிழ் எழுத்து அழிங்க. மருதானையில நிப்பாட்டுவான்."

"நிப்பாட்டட்டும் மல்லி."

"போன முறை நல்லா அழிச்சதுதானே!"

"அதுதான் இந்த முறை அழிக்கேல்லை. வேனை எடு."

மருதானையில் நிறுத்தினார்கள். வேறு ஆட்கள். ஒருவன் அந்தக் குழாயை எடுத்தான், எழுத்தைக் கண்டான், அவன் முகம் இறுகிற்று. "மே அகுரு மொனவத?" இந்த எழுத்து என்ன?

சிறில் வாயைத் திறந்தான். மேபல் முந்தினாள். விரலால் தொட்டுக் காட்டினாள்.

"உட" என்றாள். மறுமுனையைத் தொட்டாள். "யட."

மேல், கீழ். அவ்வளவுதான். சிப்பாய் அவளைப் பார்த்தான். பதில் பொய்யா என்று அவள் முகத்தில் தேடினான். பிறகு குழாயைப் பார்த்தான். அது அவன் கையில் தலைகீழாக இருந்தது. அவன் என்ன நினைத்தானோ தெரியாது. அதை மெதுவாகத் திருப்பினான். 'மேல்' மேலே வந்தது. அப்படியே இரண்டு கையாலும் ஏந்தி, வேனுக்குள் குனிந்து, மேபலின் மடியில் நிறுத்திவிட்டு, போகலாம் என்று கை காட்டினான்.

வெள்ளவத்தை வரை அவள் அதைச் சரியவிடவில்லை. பம்பலப்பிட்டியைத் தாண்டியபோது ஒழுங்கைகளின் முடிவில் கடல் ஒவ்வொரு துண்டாகத் தெரிந்து மறைந்தது. மேபல் கண்ணைத் திறந்தபடியே இறங்கத் தொடங்கியிருந்தாள். சுற்றிலும் வெள்ளையாகத் தூசி விழுந்தது.

"அக்கே, நித்திரையா?" என்றான் சிறில்.

"இல்லை மல்லி. பள்ளத்தில பாத்து ஓட்டு. இது நிமிர்ந்து இருக்கவேணும்."